இஞ்சித் தேநீரின் கதை

அஸ்ஸாம் தேயிலை இலண்டனில் முதன்முதலாக விலை கூறப்பட்டது 1839-ஆம் ஆண்டில். அதனை இந்தியரும் பருக வேண்டுமென்று பின்னர்ப் பெருமுயற்சி நடந்தது. 1903-இல் விதிக்கப்பட்ட தேயிலைத் தீர்வையின் பணமும் அதற்கு உதவிற்று. வட இந்தியக் கடைக்காரரோ, விலையுயர்ந்த தூளைக் குறைத்து இஞ்சியும் ஏலக்காயும் சேர்த்தார். தேயிலை விற்பனை குறையுமே என்று பிரசாரகர் முகஞ்சுளித்தனர்.

நான் கடைக்காரர் பக்கமே. சுக்கு நீரின் அருமையை நம் பாட்டிமார் தேயிலைக்கு முன்பே அறிந்திருந்தனர் அல்லவா? வீட்டில் செய்வோர், தட்டிய இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்கு கொதிக்கவிடுக. பச்சை இஞ்சி பாலைத் திரித்துவிடும். பிறகே தூளும் பாலும். சர்க்கரையை நான் பாதியாகக் குறைத்துவிட்டேன். ஏலக்காயின் மணத்தில் அக்குறை நாவுக்குத் தெரிவதில்லை.