திருமணக் காணொளிகளில் முப்பரிமாணச் சுழற்சி

முப்பரிமாணச் சுழற்சி என்பது, தட்டையான ஒரு படத்தை வெளியில் நிற்கும் அட்டையாகக் கருதி, மூன்று அச்சுகளில் எதிலும் திருப்பிக் காட்டும் காணொளித் தொகுப்பு உத்தியாகும். தமிழ்நாட்டில் இதைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்ததில் திரைப்படத்தை விடக் கல்யாண வீடியோவுக்கே பங்கு அதிகம். ஜீயபுரம், குளித்தலை பக்கம் 2000ஆம் ஆண்டை ஒட்டி நடந்த கல்யாணத்தின் குறுந்தகட்டைப் போட்டால், கனசதுரத்தின் முகங்களில் மணமக்கள் சுழன்று வருவதை அநேகமாகக் காணலாம்.

இவ்வுத்தி தொலைக்காட்சி நிலையங்களில் பிறந்தது. 1981இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஏடிஓ என்னும் கருவி, ஓடும் படத்தை அப்போதைக்கப்போதே தொலைநோக்குடன் சுழற்றியது. மறு ஆண்டு இங்கிலாந்தின் குவான்டெல் நிறுவனத்தின் மிராஜ் கருவி, படத்தை ஏடு புரட்டுவது போல வளைத்தது. இரண்டும் பெரிய நிலையங்களே வாங்கக்கூடிய விலை. பிறகு வேலை கணினிக்கு மாறியது. 1994இல் வெளிவந்த 'மகாநதி', ஆவிட் கணினியில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் எனச் சொல்லப்படுகிறது (அரங்கனைப் பாடும் பாட்டுக்காக ஸ்ரீரங்கத்தார் நினைவில் வைத்திருக்கும் படம்). ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் முப்பரிமாண அடுக்குகள் 2001இல் வந்தன. கல்யாண ஸ்டுடியோக்களுக்குக் கைகொடுத்தவை பினாக்கிள், எடியஸ் போன்ற மலிவான மென்பொருள்கள்.

இதன் கணக்கு பத்தாம் வகுப்புக் கோணவியல்தான். செங்குத்து அச்சில் திருப்பும்போது படத்தின் அகலம் கோணத்தின் கொசைன் மதிப்பால் பெருக்கப்படுகிறது. 60 பாகையில் அகலம் பாதி. 90 பாகையில் வெறும் கோடு. அதற்கு மேல் பின்புறம் தெரியும். மாப்பிள்ளையும் பெண்ணும் இடம் மாறி உட்கார்ந்தது போலிருக்கும். அருகில் வரும் விளிம்பைப் பெரிதாகவும் விலகும் விளிம்பைச் சிறிதாகவும் வரைந்தால் ஆழம் கிடைத்துவிடும்.

வீடியோக்காரர்கள் தொகுப்பு வேலையை 'மிக்சிங்' என்பார்கள். மிக்சிங் முடிந்ததும் படம் பிடித்த நாடாவை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. அதனால் வீட்டில் மிஞ்சியது சுழற்சி கலந்த பிரதி மட்டுமே. ஆசி வழங்க மேடையேறிய பாட்டியின் முகம் மூன்று விநாடி வந்து, அதிலும் ஒரு விநாடி கோடாகிப் போகிறது. அவருடைய அசையும் படம் வேறு எதுவும் அந்த வீட்டில் இருக்காது. அன்று அழகென்று கேட்டு வாங்கியதுதான். ஸ்டுடியோக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது.

இன்றைய மென்பொருளில் சுழற்சி என்பது திட்டக் கோப்பில் உள்ள ஓர் எண். அதைச் சுழியாக்கினால் படம் நேராகிவிடும். நாடாவிலோ குறுந்தகட்டிலோ பதிந்த பிரதியில் அது நடக்காது. 90 பாகையில் மறைந்த புள்ளிகள் அதில் இல்லவே இல்லை. மினி டிவி நாடாவில் பிடித்த காலத்துக் கல்யாணம் என்றால், நாடாவைக் குடும்பத்தாரிடமே கொடுத்துவிட்ட ஸ்டுடியோக்களும் உண்டு. பீரோவில் தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய நாடா கிடந்தால் அதுவாக இருக்கலாம். சுழற்சி ஏறாத மூலக் காட்சி அதில்தான் இருக்கும்.