ஊரே தயாரிப்பாளர்! – ஜான் ஆபிரகாம் எனும் கலைஞர்

உண்டியல் குலுக்குவது நம்ம பேட்டைக்காரர்களுக்குப் புதிதல்ல. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி வாசல்களிலும், ஆவடி ஸ்டேஷனிலும் துண்டேந்தி நிதி திரட்டிய தொழிலாளர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே போலத் துண்டேந்தி வசூல் செய்து ஒருவர் முழுநீள சினிமாவே எடுத்தார் என்றால் நம்புவீர்களா? எடுத்தார்! அவர்தான் ஜான் ஆபிரகாம். இந்தி நடிகரைச் சொல்லவில்லை. இவர் அவருக்கு முந்தைய தலைமுறை. நம் மாணவ மணிகள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய மனிதர்.

1937-ல் கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில் பிறந்தார். படிப்பு முடிந்ததும் எல்.ஐ.சி.யில் வேலை. அந்தக் காலத்தில் எல்.ஐ.சி. மாப்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்! அதை உதறிவிட்டுப் பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போனார். அங்கே அவரை மிகவும் பாதித்த ஆசிரியர் வங்க இயக்குநர் ரித்விக் கட்டக். பிறகு மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி' (1969) படத்தில் உதவியாளராக இருந்தார்.

1972-ல் முதல் படம், 'வித்யார்த்திகளே இதிலே இதிலே'. விளையாடும்போது பள்ளி நிறுவனரின் சிலையை உடைத்துவிட்ட பையன்கள், அதற்கு ஈடுகட்டப் பணம் சேர்க்க அலையும் கதை. படம் ஓடவில்லை. ஆனால் கதையில் அந்தப் பையன்கள் அலைந்த மாதிரியே பின்னாளில் இயக்குநரும் ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது!

இனி தமிழுக்கு வருவோம். 1977-ல் ஜான் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' தமிழ்ப் படம். எழுதியவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு, பூனாவில் படித்தவர். பேராசிரியர் நாராயணசாமியாக நடித்தவர் யார் தெரியுமா? இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன்! தாயை இழந்த கழுதைக் குட்டி ஒன்றைப் பேராசிரியர் இரக்கப்பட்டு வளர்க்கிறார். கல்லூரியில் கேலி. ஊருக்குக் கொண்டுபோய், வாய் பேசாத உமா என்ற பெண்ணிடம் ஒப்படைக்கிறார். அக்ரஹாரத்தில் எது நடந்தாலும் பழி கழுதை மேல். கடைசியில் அடித்தே கொல்கிறார்கள். அதன் பிறகு ஊரில் நல்லது நடக்க ஆரம்பித்ததும் அதே ஆட்கள் கழுதையைத் தெய்வமாக்கப் பார்க்கிறார்கள்! உயிரோடு இருக்கும்போது உதை, செத்த பிறகு பூஜை. இது ஒரு தெருவின் கதை மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் தமிழ்நாட்டு ஜனங்கள் எத்தனை பேர் பார்த்தார்கள்? 1989-ல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக இருந்து, எதிர்ப்பு கிளம்பியதால் ரத்தானது. 2013-ல், இந்திய சினிமா நூற்றாண்டின்போது, ஐ.பி.என். லைவ் வெளியிட்ட 100 சிறந்த இந்தியப் படங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. படத்துக்கும் அந்தக் கழுதையின் கதிதான் போலும்!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கையில் பணம் இருப்பவன் படத்தைத் தயாரிப்பான். தியேட்டர் வைத்திருப்பவன் அதை ஓட்டுவான். இருவரும் மறுத்தால் கலைஞன் என்ன செய்வது? 1979-ல் 'செறியாச்சன்டெ க்ரூர க்ருத்யங்கள்' எடுத்தபின் ஜான் கண்ட விடை: பார்க்கிறவனே தயாரிப்பாளர் ஆகட்டும். 1984-ல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற இயக்கம் தொடங்கினார். கிராமம் கிராமமாகச் சென்று சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டார்கள், தெரு நாடகம் போட்டார்கள். கூடிய ஜனங்கள் கொடுத்ததுதான் மூலதனம்.

அப்படிப் பிறந்த படம் 'அம்ம அறியான்' (1986). கறுப்பு வெள்ளை. ஒளிப்பதிவு வேணு, எடிட்டிங் பீனா பால். டெல்லிக்குக் கிளம்பிய இளைஞன் புருஷன் வழியில் ஒரு பிணத்தைப் பார்க்கிறான். செத்தவன் ஹரி என்ற தபலா கலைஞன் என்று தெரிகிறது. அவன் தாயிடம் விவரம் சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சி வரை பயணம். வழியில் ஒவ்வொருவராகச் சேர்ந்து பெருங்கூட்டமே ஆகிவிடுகிறது. படம் எடுக்கப்பட்ட விதமும் அப்படித்தானே!

1987 மே 31-ம் தேதி ஜான் மறைந்தார். கோழிக்கோட்டில் ஒரு விருந்துக்குப் பின் வீட்டு மாடியிலிருந்து தவறி விழுந்ததுதான் காரணம். வயது 49. மொத்தம் நான்கே முழுநீளப் படங்கள். அவருடைய குடியையும் நாடோடி வாழ்க்கையையும் வீரக்கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குடியால் அவர் மேதை ஆகவில்லை. இன்னும் எடுத்திருக்க வேண்டிய படங்கள்தான் நமக்கு நஷ்டம். இளைஞர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பாட்டிலை அல்ல, அந்தத் துண்டை!

இப்போது ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. காமிரா வாடகைப் பிரச்சினை இல்லை. ரசிகர்களிடம் பணம் திரட்டி 2013-ல் கன்னடத்தில் 'லூசியா' எடுத்து வெற்றியும் கண்டார்கள். ஆனால் எடுத்த படத்தை நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, சண்டை போட்டுப் பேசும் இடம் எங்கே? நம் கல்லூரி செமினார் ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை போதும். புரொஜக்டர் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, டீ செலவைப் பழைய மாணவர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முதல் படம் 'அக்ரஹாரத்தில் கழுதை'யாக இருக்கட்டும். தம்பி தங்கைகளே, தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்!