நல்லெண்ணமும் நிலமும்

ஆப்பிரிக்கா என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண் முன் தோன்றுவது, மறைபரப்பு ஞாயிறன்று ஆலய வாசலில் ஒட்டப்படும் சுவரொட்டிதான். ஒட்டிய வயிறு, வெடித்த நிலம், ஏந்திய கை. அக்கண்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன என்பதற்கும், ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு என்பதற்கும் அச்சுவரொட்டியில் இடமிருப்பதில்லை. 1987இல் ஐக்கிய நாடுகள் அவை அமைத்த குழு ஒன்றின் அறிக்கை, 'நீடித்து நிலைக்கும் வளர்ச்சி' என்னும் தொடரை உலகெங்கும் பரப்பியது. வரும் தலைமுறையின் பங்கைப் பறிக்காமல் இத்தலைமுறையின் தேவைகளை நிறைவு செய்வதே அதன் பொருள். இது ஆப்பிரிக்க மண்ணில் எங்கே தடுக்கி விழுந்தது, எங்கே எழுந்து நின்றது என்பதை அறிய, தான்சானியா என்னும் ஒரு நாட்டின் வரலாறே போதிய பாடம் தருகிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த வேளையில் பிரித்தானியாவில் சமையல் எண்ணெய்க்குக் கடும் பற்றாக்குறை நிலவியது. அந்நாட்டின் ஆட்சியின்கீழ் இருந்த தங்கனீக்காவில் முப்பது இலட்சம் ஏக்கருக்கும் மேலான புதர்க்காட்டை அழித்து நிலக்கடலை பயிரிடுவதென 1946இல் திட்டம் தீட்டினார்கள். மறு ஆண்டே கொங்குவா என்னுமிடத்தில் வேலை தொடங்கிற்று. போரில் பயன்பட்ட இயந்திரங்கள் இழுவை வண்டிகளாக வந்திறங்கின. பீரங்கி வண்டிகள்கூட நிலம் திருத்தும் வண்டிகளாக மாற்றப்பட்டன. ஆனைப்புளி என்றும் பெருக்கமரம் என்றும் நாம் அழைக்கும் பருத்த மரங்கள் அங்கே ஏராளம். அவற்றை வீழ்த்துவதற்குள் இயந்திரங்கள் தேய்ந்து போயின. மழை பெய்து ஓய்ந்தபின் களிமண் கல்லாய் இறுகிற்று. விளைந்த கடலையைத் தோண்டி எடுப்பதே பெரும்பாடாயிற்று. அது மழை பொய்க்கும் பகுதி என்பதை அங்கு வாழ்ந்த கோகோ மக்கள் அறிந்திருந்தார்கள். 1917 முதல் 1920 வரை அவர்களை வாட்டிய பஞ்சத்துக்கு 'முதுன்யா' என்று பெயரே உண்டு. இலண்டனில் வரைபடம் விரித்தவர்கள் அவர்களுடைய அறிவுக்கு உரிய இடம் தரவில்லை. 1951இல் திட்டம் கைவிடப்பட்டபோது, ஏறத்தாழ 3 கோடி 60 இலட்சம் பவுன் வீணாகியிருந்தது.

அந்நியன் செய்தான், ஆகவே தோற்றது என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் கதையின் அடுத்த பகுதி அவ்வளவு எளிதன்று.

தங்கனீக்கா 1961 டிசம்பர் 9ஆம் நாள் விடுதலை பெற்றது. 1964இல் சான்சிபாருடன் இணைந்து தான்சானியா ஆயிற்று. அதன் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே ஒரு கத்தோலிக்கர். ஏறத்தாழ இருபதாம் வயதில் திருமுழுக்குப் பெற்றவர். கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியப் பணி ஆற்றியவர். நாடே அவரை 'முவாலிமு', அதாவது ஆசிரியர் என்றுதான் அழைத்தது. நற்செய்தி நூல்களைச் சுவாகிலி மொழியில் கவிதையாக்கியவரும் இவரே. இவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான விசாரணை 2005இல் தொடங்கியது. ஆட்சியில் இருந்து தம் வீட்டுக்கெனச் செல்வம் சேர்க்காதவர் என்று இவரைக் குறை கூறுபவர்களும் ஒப்புக்கொள்வர்.

1967 பிப்ரவரி 5ஆம் நாள் வெளியான அருஷா அறிக்கை, நாடு பிறர் கொடையை நம்பி வளர முடியாது. மக்களின் உழைப்பையும் நிலத்தையும் நம்பியே வளர வேண்டும் என்று முழங்கிற்று. கட்சித் தலைவர்களும் அரசு உயர் அலுவலர்களும் இரண்டு ஊதியம் பெறக்கூடாது, வீட்டை வாடகைக்கு விடக்கூடாது, நிறுவனங்களில் பங்கு வைத்திருக்கக்கூடாது என்ற விதிகளும் அதில் இருந்தன. (எந்த நாட்டு ஆட்சியாளரும் தூக்கத்திலும் நினைத்துப் பார்க்க விரும்பாத விதிகள்!) சரியாக ஏழு வாரங்கள் கழித்து, மார்ச் 26 அன்று, திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களின் முன்னேற்றம் குறித்த தம் சுற்றுமடலை வெளியிட்டார். முழு மனிதனும் எல்லா மனிதரும் வளர வேண்டும் என்ற அம்மடலின் நோக்கும் நைரேரேயின் நோக்கும் வெகு அருகில் இருந்தன.

நைரேரே தம் கொள்கைக்கு இட்ட பெயர் 'உஜமா'. குடும்ப உணர்வு என்று தமிழில் சொல்லலாம். சிதறி வாழும் உழவர்கள் ஓரூரில் கூடி வாழ்ந்து, ஒன்றாய் உழைத்து, பள்ளியும் மருந்தகமும் குடிநீரும் பெறவேண்டும் என்பதே திட்டம். இதற்கு உயிருள்ள முன்மாதிரி ஒன்றும் அவர் கண்முன் இருந்தது. தெற்கே ருவுமா பகுதியில், லிட்டோவா என்ற சிற்றூரில், விடுதலைக் காலத்து இளைஞர் சிலர் எவருடைய கட்டளையும் இன்றிச் சேர்ந்து பயிரிடத் தொடங்கியிருந்தனர். அது பதினேழு ஊர்களின் கூட்டமைப்பாக வளர்ந்தது. எதைப் பயிரிடுவது, வருவாயை எவ்வாறு பகிர்வது என்பதை ஊர் அவையே கூடித் தீர்மானித்தது. தமக்கென மாவாலை அமைத்தார்கள். தம் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தாமே நடத்தினார்கள். நைரேரே அவர்களைப் பாராட்டினார், ஊக்குவித்தார். ஆனால் தம்மைக் கேளாமல் வாழக் கற்றுக்கொண்ட மக்களைக் கட்சி அலுவலர்களால் பொறுக்க முடியவில்லை. 1969 செப்டம்பரில் கட்சியின் மத்தியக் குழு அக்கூட்டமைப்பைக் கலைத்துவிட்டது. தலைவர் அதைத் தடுக்கவில்லை.

மக்களைப் பிறர் வளர்க்க முடியாது, மக்கள் தாமே வளரவேண்டும் என்று 1968இல் எழுதியவர் நைரேரே. அவரே 1973 நவம்பரில், ஊர்களில் குடியேறுவது இனி விருப்பத்தைப் பொறுத்ததன்று, கட்டளை என்று அறிவித்தார். 1976 இறுதிக்குள் அது முடியவேண்டும் என்று நாளும் குறித்தாயிற்று. குறைந்தது ஐம்பது இலட்சம் மக்கள் இடம் பெயர்க்கப்பட்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. பல இடங்களில் திரும்பி வராதபடி வீடுகள் கொளுத்தப்பட்டன. மண்வளத்தையும் நீரையும் பார்த்து ஊர் அமைக்காமல், சாலையோரம் வண்டி செல்ல வசதியாக வரிசையாய் அமைத்தார்கள். விளைநிலம் ஒரு பக்கம், குடிசை ஒரு பக்கம். அதே ஆண்டுகளில் வறட்சியும் சேர்ந்துகொள்ள, தற்சார்பை முழங்கிய நாடு தானியம் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது.

கல்வியில் அவ்வாட்சி செய்த சாதனையை மறைத்துப் பேசுவது அறமாகாது. எழுத்தறிவு பெருகியது, நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் ஒரே மொழியால் பிணைந்து, உள்நாட்டுப் போரின்றி வாழக் கற்றன. அண்டை நாடுகளை நோக்கின் இதன் அருமை விளங்கும். 1985இல் பதவியைத் தாமே துறந்த நைரேரே, உள்ளாட்சி அமைப்புகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் கலைத்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கீழமைப்புகள் தாமே செய்யக்கூடியதை மேலமைப்பு கவர்ந்துகொள்ளலாகாது என்று திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931லேயே கற்பித்திருந்தார். அதை நன்கு உணரக்கூடிய ஒருவரே தம் ஆட்சியில் அதைத் தவறவிட்டார் என்பதை வருத்தத்துடன்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இனி, நாட்டின் வடமேற்கே உள்ள ஷின்யாங்கா. சுக்குமா மக்கள் மாடு வளர்த்தும் பயிரிட்டும் வாழும் பகுதி. 1920களில் தொடங்கி, மாட்டுக்கும் மனிதனுக்கும் நோய் பரப்பும் செட்சி ஈயை ஒழிப்பதற்காக ஆங்கில அலுவலர்கள் அங்கிருந்த காடுகளை வெட்டச் செய்தனர். பின்னர் பருத்திக்காக இன்னும் காடு அழிந்தது, மாடுகளும் பெருகின. ஆயினும் சுக்குமா மக்களிடம் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. மழை தொடங்கும்போது வீட்டையொட்டிய நிலத்தில் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கு அடைத்துவிடுவார்கள். புல்லும் செடியும் அங்கே தழைத்து நிற்கும். கோடையின் கடுமையில் மட்டும் அதைத் திறந்து, கன்றுகளையும் நலிந்த மாடுகளையும் மேயவிடுவார்கள். இதற்கு 'இங்கிடிலி' என்று பெயர். கட்டாயக் குடியேற்றத்தில் வீடு ஓரிடமும் இங்கிடிலி ஓரிடமும் ஆயின. காப்பார் அற்ற அடைப்புகள் அழிந்தன. ஷின்யாங்காவைத் தான்சானியாவின் பாலைவனம் என்று சொல்லும் நிலை வந்தது.

1986இல் அரசு அங்கே 'ஹாஷி' என்னும் மண்வளப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் இங்கும் பழைய பாணிதான்: நாற்றங்கால், வெளிநாட்டு மரக்கன்று, அறிவுரை. மக்கள் பெரிதாக அக்கறை காட்டவில்லை. பிறகுதான் அலுவலர்கள் எந்த மரம் வேண்டும் என்று மக்களையே கேட்டார்கள். தம் மண்ணின் மரங்களையே வேண்டும் என்றார்கள் மக்கள். கூடவே இங்கிடிலி வழக்கத்தையும் எடுத்துரைத்தார்கள். வேரும் தூரும் மண்ணுக்குள் இன்னும் உயிரோடிருந்ததால், பல இடங்களில் நடவேண்டிய தேவைகூட எழவில்லை. அடைத்துக் காத்தாலே காடு துளிர்த்தது. விதிகளை வகுத்ததும், மீறியவர்க்குத் தண்டம் விதித்ததும் 'தகாஷிடா' என்னும் அவர்களுடைய பழைய ஊர்க்கூட்டம். 1986இல் சுமார் 600 ஹெக்டேராகக் கணக்கிடப்பட்ட இங்கிடிலிகள், திட்டம் முடிந்த 2004 அளவில் மூன்று இலட்சம் ஹெக்டேரையும் தாண்டியிருந்தன. விறகுக்குப் பெண்கள் நடக்கும் தொலைவு குறைந்தது. தேனும் மூலிகையும் கூரைப்புல்லும் மீண்டும் கிடைத்தன. காணாமற்போன பறவைகள் திரும்பின. 2002இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் பரிசும் கிடைத்தது.

எல்லாம் நிறைவாயிற்று என்று எண்ண வேண்டாம். இங்கிடிலிகளுள் சில ஊருக்குப் பொது. மற்றவை தனிக் குடும்பங்களுடையவை. நிலமும் மாடும் மிகுந்தவரிடமே பெரிய அடைப்புகள் சேர்ந்தன. மாடற்ற ஏழை விதவைக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். மக்கள்தொகை பெருகப் பெருக, அடைத்த நிலத்தையும் உழுதுவிடலாமே என்ற நெருக்குதலும் வலுக்கிறது. 1999இல் இயற்றப்பட்ட ஊர் நிலச் சட்டம், ஊர் நிலத்தை ஆளும் பொறுப்பை ஊர்மன்றத்துக்குத் தந்தது. எந்த நிலத்தை அடைப்பது, கோடையில் அதை என்று திறப்பது, முதலில் யாருடைய மாடு உள்ளே செல்வது என்பவற்றை அந்தந்த ஊரார் கூடி உட்கார்ந்து, வாதாடி, தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.