கறுப்புத் தோல் ஜாக்கெட்டின் காலம்
1928-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர், மோட்டார் சைக்கிளில் விரைவோரின் மார்பில் காற்று புகாதிருக்கும் பொருட்டு, ஜிப்பைக் குறுக்காக வைத்துத் தைத்து, தமக்குப் பிரியமான சுருட்டின் பெயரையே சூட்டிய 'பெர்ஃபெக்டோ' என்னும் தோல் ஜாக்கெட், கால் நூற்றாண்டுக் காலம் வெறும் உபயோகப் பொருளாகவே இருந்து, 1953-இல் 'தி வைல்ட் ஒன்' திரைப்படத்தில் மார்லன் பிராண்டோ அவ்வகை ஜாக்கெட்டை அணிந்து தோன்றிய பின்னரே அமெரிக்க வாலிபரின் கலகச் சின்னமாயிற்று. பள்ளிக்கூடங்கள் சில அதனைத் தடை செய்தன. தடையினும் சிறந்த விளம்பரம் வேறேது? 1955-இல் நடிகர் ஜேம்ஸ் டீன் திரையில் சிவப்பு ஜாக்கெட்டுடன் வந்தார். அந்த மோகமும் பரவிற்று. தந்தையர் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டும் டையும் தரித்துக் காரியாலயம் சென்று வந்த தசாப்தம் அது; மைந்தர் வெறுத்தது அந்தக் கண்ணியமான சீருடையைத்தான் என்பது என் அபிப்பிராயம். பிரிட்டிஷ் தணிக்கையாளரோ, பிராண்டோவின் படத்துக்கு 1967 வரை அனுமதியே அளிக்கவில்லை.