கழுதைக்குக் கோயில் கட்டச் சொன்ன ஊர்

இந்த எபிசோடை அடி அண்ணாமலையில உட்கார்ந்து பேசுறோம். பின்னாடி கேட்கிற சத்தம் கிரிவலம் போறவங்களோடது. மலையையே சாமியாக் கும்பிடுற ஊர்ல இருந்து, ஒரு கழுதை சாமியான கதையைப் பேசப்போறோம்.

1977ல வந்த தமிழ்ப் படம் ‘அக்ரஹாரத்தில் கழுதை’. இயக்குநர் ஜான் ஆபிரகாம். இந்தி நடிகர் இல்லைங்க, இவர் கேரளத்துக்காரர். எல்.ஐ.சி. வேலையை விட்டுட்டு புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனவர், ரித்விக் கட்டக்கோட மாணவர். ஜான்னு சொன்னாலே குடி, நாடோடி வாழ்க்கை, கையில காசு தங்காததுன்னுதான் பேச்சு போகும். எனக்கு அது கொஞ்சம் எரிச்சல். மனுஷன் பண்ண வேலை அந்தக் கதைகளுக்கு அடியில புதைஞ்சு போகுது.

படத்துக்கு வருவோம். தாயில்லாத கழுதைக்குட்டி ஒண்ணை ஒரு பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார். அந்த வேஷத்துல நடிச்சது இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். கேலி தாங்காம குட்டியைத் தன் ஊர் அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோறார். வாய் பேச முடியாத உமான்னு ஒரு பெண் அதைப் பார்த்துக்கிறா. அவளுக்குச் செத்துப் பிறந்த குழந்தை கோயில் பக்கம் கிடக்க, பழி கழுதை மேல விழுது. அடிச்சே கொல்றாங்க. அப்புறம் ஊர்ல நல்லது நடக்க ஆரம்பிச்சதும், அதே ஆட்கள் கழுதைக்குக் கோயில் கட்டணும்கிறாங்க! கொன்னவங்களே கும்பிடுறாங்க. திரைக்கதை வெங்கட் சாமிநாதன். பிரெஸ்ஸானோட 1966 கழுதைப் படம் ஜானுக்குத் தூண்டுதல். ஆனா இந்தக் கோபம் முழுக்க நம்ம ஊரு கோபம்.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைச்சது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் கண்டுக்கவே இல்லை. 1989ல தூர்தர்ஷன் போடறதா அறிவிச்சு, எதிர்ப்பு வந்ததும் விட்டுட்டாங்க. விருது கொடுத்ததும் அரசு, திரையை மூடினதும் அரசு டிவி.

அதைப் பார்க்க ஜான் உயிரோட இல்லை. ஆனா முதலாளி வேண்டாம், தியேட்டர்காரர் வேண்டாம்னு அவர் முன்னாடியே ஒரு வழி பிடிச்சிருந்தார். 1984ல நண்பர்களோட ‘ஒடேஸா’ங்கிற அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராப் போய் சாப்ளினோட ‘தி கிட்’ படத்தைப் போட்டுக் காட்டி, ஜனங்க கிட்ட துண்டேந்திக் காசு சேர்த்தாங்க. இன்னிக்கு ‘க்ரவுட் ஃபண்டிங்’னு சொல்றோமே, அதேதான். அந்தக் காசுல 1986ல ‘அம்ம அறியான்’ வந்தது. அடுத்த வருஷம் மே 31, கோழிக்கோட்டுல ஒரு கட்டடத்துல இருந்து விழுந்து இறந்துட்டார். வயசு 49, எடுத்த முழுநீளப் படம் நாலே நாலு.