பெரியவ ஸ்கூலுக்குப் போயாச்சு. வீட்டில் இருக்கும் சின்னதுகளுக்கு என்ன ஆச்சு? ஒரு 150 வருட வரலாறு

1/
போன வருஷம் ஜூன் மாதம். இரண்டரை வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை.

"ஒரு வாரமா சரியா சாப்பிடல டாக்டர். ஒண்ணுக்கு வந்தா சொல்லிட்டு இருந்தவன், இப்போ உடுத்தினதிலேயே போயிடுறான். நாள் முழுக்க என் சேலையைப் பிடிச்சிட்டே சுத்துறான்."

பார்த்தேன். காய்ச்சல் இல்லை. தொண்டை, காது, நெஞ்சு எல்லாம் சரி. எடையும் குறையவில்லை.

"வீட்ல புதுசா ஏதாவது நடந்துச்சாம்மா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். பெரியவ ஸ்கூல் சேர்ந்தா. அவ்வளவுதான்."

2/
கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொன்னார்.

"பெரியவ போனா கொஞ்சம் மூச்சு விடலாம்னு நெனச்சேன். இப்போதான் குளிக்கக்கூட முடியல. ஒரு பிள்ளை குறைஞ்சும் சமாளிக்கத் தெரியலையான்னு மாமியார் கேக்குறாங்க. எனக்கே அப்படித்தான் தோணுது."

ஒவ்வொரு ஜூனிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தக் கேள்வி என்னிடம் வரும்.

3/
உண்மையைச் சொல்லணும்னா, டாக்டரான புதுசில் இப்படி வந்த குழந்தைகளுக்கு நான் பசி டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சில வாரத்தில் குழந்தை தானாகவே சரியாகும். பேர் டானிக்குக்குப் போகும். அந்த அம்மாவின் கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

இந்த த்ரெட் அந்தக் கேள்விக்காக. பதில் மருந்துப் புத்தகத்தைவிட வரலாற்றில் அதிகம் இருக்கிறது. நீளம்தான், பொறுமையாகப் படிங்க.

4/
முதலில் கணக்கைச் சரி பண்ணுவோம். மூணு பிள்ளையில் ஒண்ணு போனால் வேலை மூணில் ஒரு பங்கு குறையணும் என்று நினைக்கிறோம். தப்பு.

வீட்டில் இருந்த அஞ்சு வயசுக்காரி சும்மா இருக்கவில்லை. அம்மா குளிக்கப் போனால் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். துண்டு எடுத்துக் கொடுப்பாள். "அம்மா, தம்பி மண்ணைத் திங்கிறான்" என்று கத்துவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, தம்பியோடு விளையாடுவாள்.

பள்ளி மணி அடித்ததும் அந்த வீடு ஒரு அரை ஆள் வேலையை இழக்கிறது. தம்பியோ தன் தலைவியையே இழக்கிறான்.

5/
பள்ளிக்கூடம் எல்லாருக்கும் வருவதற்கு முன்னால் உலகம் முழுக்க ஏழை வீடுகளில் நடந்தது இதுதான். அம்மா வயலுக்கோ வேலைக்கோ போவாள். மூத்த பெண் குழந்தையின் இடுப்பில் சின்னது ஏறும்.

என் பெரியம்மா மூணாம் வகுப்போடு நின்றவர். காரணம் கேட்டால், "உங்கம்மா பொறந்துட்டாள்ல" என்பார், சிரித்துக்கொண்டே. அவர் நின்றதால்தான் என் அம்மா படித்தார். அம்மா படித்ததால் நான் டாக்டர். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருத்தர் இருந்திருப்பார், விசாரித்துப் பாருங்கள்.

6/
இந்த ஏற்பாட்டைச் சட்டம் போட்டு அசைத்த நாடுகளில் ஒன்று இங்கிலாந்து. 1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1880இல் 5 முதல் 10 வயது வரை பள்ளிக்குப் போவது கட்டாயமானது.

அஞ்சு வயசானால் அரசு குழந்தையை எடுத்துக்கொள்ளும். சரி, வீட்டில் இருக்கும் மூணு வயசை யார் பார்ப்பது? சட்டம் அதைப் பற்றிப் பேசவில்லை.

7/
வீடுகள் தாங்களாகவே இரண்டு வழி கண்டுபிடித்தன.

ஒன்று, மூத்த பெண்ணை நிறுத்திக்கொள்வது. திங்கள்கிழமை துணி துவைக்கும் நாள். அன்று வகுப்பில் பெண் குழந்தைகள் குறைவாக இருப்பார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றேன் என்று பெண் குழந்தை சொன்னால், அதிகாரிகளும் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். பையன் வராவிட்டால்தான் கேள்வி.

இரண்டு, சின்னதையும் பெரியவளோடு பள்ளிக்கே அனுப்பிவிடுவது.

8/
இரண்டாவது வழி எவ்வளவு பரவியது தெரியுமா? 1900வாக்கில் இங்கிலாந்தில் 3 முதல் 5 வயதுக்குள் இருந்த குழந்தைகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் பள்ளிப் பதிவேட்டில் இருந்தார்கள்!

பள்ளியில் அவர்களுக்கு என்ன கிடைத்தது? படிப்படியாக உயரும் பெஞ்சு. அதில் வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் உட்காரணும். மூணு வயசுக் குழந்தை. நினைத்துப் பாருங்கள்.

9/
1905இல் கல்வித் துறையின் பெண் ஆய்வாளர்கள் இதை நேரில் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். காத்தரின் பாதர்ஸ்ட் அவர்களில் ஒருவர். இந்த வயதுக்குப் பாடம் வேண்டாம், தூக்கமும் விளையாட்டும் பார்த்துக்கொள்ள ஆளும்தான் வேண்டும் என்பது சாரம்.

அரசு அறிக்கையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அஞ்சு வயசுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்க மறுக்கலாம் என்று உள்ளூர் நிர்வாகங்களுக்கு அனுமதி கொடுத்தது. எண்ணிக்கை சரசரவெனக் குறைந்தது. ஆய்வாளர்கள் கேட்ட "பார்த்துக்கொள்ளும் இடம்" மட்டும் பெரிய அளவில் வரவில்லை.

பள்ளிக் கதவு மூடியது. குழந்தை திரும்ப அம்மா சேலைக்கு வந்தது.

10/
இரண்டு வருஷம் கழித்து இதே சிக்கல் ரோம் நகரில் வேறு மாதிரி வெடித்தது. சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதி. ஒரு நிறுவனம் அங்கே அடுக்குக் குடியிருப்புகளைப் புதுப்பித்தது. பெற்றோர் வேலைக்குப் போவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கு. பள்ளி வயசு வராத சின்னதுகள் நாள் முழுக்கப் படிக்கட்டிலும் முற்றத்திலும் சுற்றி, புதுச் சுவரையெல்லாம் கிறுக்கி வைத்தன.

நிறுவனத்தின் கவலை சுவரைப் பற்றி. குழந்தைகளை ஓரிடத்தில் உட்கார வைக்க ஆள் தேடினார்கள்.

11/
வந்தவர் ஒரு டாக்டர். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கிய மரியா மாண்டிசோரி.

1907 ஜனவரி 6 அன்று அந்தக் குடியிருப்பிலேயே ஒரு அறையில் "குழந்தைகள் இல்லம்" திறந்தது. இன்று ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் பள்ளிகளின் பலகையில் இருக்கும் பெயருக்குப் பின்னால் இருப்பது, அண்ணன் அக்கா பள்ளிக்குப் போய்விட்டதால் படிக்கட்டில் மிச்சமாகிப்போன ஏழைக் குழந்தைகள்தான்.

12/
அங்கே அவர் செய்ததில் இரண்டு விஷயம் நமக்கு முக்கியம்.

ஒன்று, பொம்மையைவிட நிஜமான வேலை. தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் போடுவது, தட்டு எடுத்து வைப்பது. குழந்தைகள் இதில் அமைதியாக மூழ்கியதைப் பார்த்து அவரே வியந்தார்.

இரண்டு, வயசு வாரியாகப் பிரிக்காமல் மூணு வயசையும் அஞ்சு வயசையும் ஒரே அறையில் விட்டார். சின்னது பெரியதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

யோசித்துப் பாருங்கள். பள்ளி மணி வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன அக்காவை அவர் அந்த அறைக்குள் திருப்பிக் கொண்டுவந்தார்.

13/
இல்லத்தை நடத்துபவர் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும், அம்மாக்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்பதும் ஏற்பாடு. தாய் செய்யும் வேலையில் ஒரு பகுதியைச் சமூகம் பகிர்ந்துகொள்வதாகவே அவர் இதைப் பார்த்தார். 'அம்மாவுக்குச் சமாளிக்கத் தெரியவில்லை' என்ற இடத்திலிருந்து அவர் தொடங்கவே இல்லை.

14/
இந்தக் கதைக்கு நம்ம ஊர் தொடர்பும் உண்டு. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மாண்டிசோரி மகன் மரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டுக்காரர்கள் ஆனார்கள். சில மாதம் வந்தவர்களால் போர் முடியும்வரை ஊர் திரும்ப முடியவில்லை. அடையாறிலும் கொடைக்கானலிலும் இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

15/
இனி நம்ம கதை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 45ஆம் பிரிவு, 14 வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. கீழ் வயது வரம்பு எதுவும் எழுதவில்லை. படித்துப் பார்த்தால் மூணு வயசும் அதற்குள் அடக்கம்.

1956இல் காமராஜர் ஆட்சியில் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு பரவியது. பெரியவள் பள்ளிக்குப் போக ஒரு பெரிய காரணம் கிடைத்தது. ஆனால் தட்டு பள்ளியில் சேர்ந்தவளுக்கு. வீட்டில் இருக்கும் தம்பிக்கு?

16/
1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்க 33 இடங்களில் தொடங்கியது. அங்கன்வாடிகள் வந்த வழி இது.

பிறகு 1982 ஜூலை 1. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நாம் எல்லாரும் பேசியது சோற்றைப் பற்றி. வயதைக் கவனித்தோமா? அந்தத் திட்டம் 2 வயதிலிருந்து தொடங்கியது! பள்ளி வயசு வராத குழந்தைகளுக்குத் தனி மையம், சமைக்கவும் பார்த்துக்கொள்ளவும் பெண்கள். பின்னாளில் அவை அங்கன்வாடிகளோடு சேர்ந்தன.

தம்பிக்கும் ஒரு தட்டு, பாதி நாள் உட்கார ஒரு இடம். என் பெரியம்மா காலத்தில் இது இருந்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு.

17/
1986 தேசியக் கல்விக் கொள்கை இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் குழந்தைகள் பள்ளிக்கு வரணும்னா, பகல் நேரக் காப்பகம் வேண்டும் என்று எழுதினார்கள். இங்கிலாந்து தடுமாறிய அதே இடம்.

ஆனால் 2002இல் 86ஆவது திருத்தம் வந்தது. கல்வி அடிப்படை உரிமையானது. நல்ல விஷயம். அந்த உரிமை 6 முதல் 14 வயது வரை. 6க்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு "முயலும்". மூத்தவளுக்கு உரிமை, சின்னவனுக்கு முயற்சி.

18/
ஆக, அந்த அம்மா என்னிடம் கேட்டது அவருடைய திறமை சம்பந்தப்பட்ட கேள்வியே இல்லை. பெரியதைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்ட ஒவ்வொரு சமூகமும் சின்னதுக்கு யார் என்ற கேள்வியில் தடுமாறியிருக்கிறது. தடுமாறிய போதெல்லாம் விலை கொடுத்தது அம்மாவும் மூத்த பெண்ணும்தான். மாமியார்களும் இதைப் படிக்கணும். உங்கள் காலத்தில் வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

19/
சரி, நடைமுறைக்கு வருவோம்.

✅ அங்கன்வாடி: 2 வயசு முடிந்திருந்தால் சேர்க்கலாம். விளையாட்டு, சாப்பாடு, எடை பார்ப்பது எல்லாம் உண்டு. 6 மாதம் முதல் 3 வயது வரை சத்துமாவும் வாங்கலாம். "அது ஏழைகளுக்கு" என்று ஒதுங்காதீர்கள்.

✅ சின்னவனுக்கு வேலை கொடுங்கள்: பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது, டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது. சிந்தும், பரவாயில்லை. நாள் முழுக்க நீங்கள் அவனுக்கு விளையாட்டுக் காட்ட வேண்டியதில்லை.

✅ அக்கா எப்போ வருவாள் என்று சொல்லுங்கள்: அவனுக்கு மணி தெரியாது. "சாப்பிட்டு, தூங்கி எழுந்தா அக்கா வந்துடுவா" என்றால் புரியும்.

20/
✅ பெரியவள் பையை இறக்கி வைத்ததும் "தம்பியைப் பாத்துக்கோ" வேண்டாம். அவளும் களைத்து வருகிறாள். அரை மணி நேரம் விடுங்கள், தானாகவே போய் விளையாடுவாள். பெரியம்மா கதை நம்ம வீட்டில் முடிந்ததாக இருக்கட்டும்.

✅ முதல் சில மாதங்கள் பெரியவள் பள்ளியிலிருந்து சளி, காய்ச்சல் கொண்டு வருவாள். சின்னதுகளுக்கும் தொற்றும். வந்ததும் கை கழுவும் பழக்கம். கைக்குழந்தைக்கு முத்தம் அதற்கப்புறம்.

21/
எப்போது டாக்டரிடம் வரணும்?

எடை குறைந்தால். காய்ச்சல், வாந்தி இருந்தால். தண்ணீர் அதிகமாகக் குடித்து அடிக்கடி சிறுநீர் போனால் (சர்க்கரை பார்க்கணும், தள்ளிப்போடாதீர்கள்). பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை விட்டுவிட்டால். சில வாரம் ஆகியும் குழந்தை பழைய மாதிரி ஆகவில்லை என்றால்.

அம்மாக்களே, உங்களுக்கும்தான். கைக்குழந்தை இருக்கும்போது தூக்கமே வராமல், எதிலும் மனசு ஒட்டாமல், காரணமில்லாமல் அழுகை வந்தால் அதையும் வந்து சொல்லுங்கள். அதுக்கும் வைத்தியம் இருக்கு.

22/
அன்று நான் டானிக் எழுதவில்லை. இந்தக் கதையில் கால்வாசியைச் சொல்லி, பக்கத்துத் தெரு அங்கன்வாடிக்குப் போகச் சொன்னேன்.

அடுத்த மாதம் கைக்குழந்தைக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட வந்தார். பையன் மதியம் வரை அங்கன்வாடியில் இருக்கிறானாம். சாப்பிடுகிறானாம்.

"எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"கஷ்டம்தான் டாக்டர். ஆனா என் தப்புன்னு இப்போ தோணல."

23/
உங்கள் பக்கத்து வீட்டில் இந்த வருஷம் மூத்தது பள்ளிக்குப் போயிருந்தால், ஒரு நாள் போய் அந்தச் சின்னதை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா நிம்மதியாகக் குளித்துவிட்டு வரட்டும்.