கருமணலும் உலையும்: தக்காணத்தில் இரும்பு மணலை இனங்கண்ட வரலாறு

பருவமழை வடிந்தபின் புனேயில் முளா, முட்டா ஆற்றங்கரைகளில் கருப்பு மணல் வரிவரியாகப் படிந்து கிடக்கும். காந்தத்தை அருகே கொண்டுபோனால் அதில் ஒரு பகுதி சிலிர்த்தெழுந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதில் இரும்பு உண்டு என்பதில் ஐயமில்லை. அது உலைக்கு ஆகுமா என்பதைக் காந்தம் மட்டும் சொல்லிவிடாது. மணலைப் பெற்ற பாறைதான் சொல்ல வேண்டும்.

புனேயைச் சூழ்ந்திருப்பது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பசால்ட். அது சிதைந்து வரும் கருமணலில் பெரும்பகுதி ஆகைட் போன்ற கனிமங்கள். நிறம் கருப்புதான், ஆனால் உலைக்குப் பயன்படாதவை. காந்தத்தில் ஒட்டும் துகளோ தூய மேக்னடைட் அன்று, டைட்டானியம் கலந்தது. தூய மேக்னடைட்டில் 72 விழுக்காடு இரும்பு இருக்கும். டைட்டானியம் ஏற ஏற அந்த அளவு குறையும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மிகுந்திருக்கும் இல்மனைட்டில் இரும்பு ஏறத்தாழ 37 விழுக்காடுதான். அதுவும் கருமணலே, ஆனால் சாதாரணக் காந்தத்துக்கு எளிதில் அசையாது.

உருக்குநர்களின் வழி வேறாக இருந்தது. 1800-01இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மலையிலிருந்து மழைவெள்ளம் அடித்துவந்த கருமணலை மக்கள் திரட்டி உருக்கியதைப் பதிவுசெய்தார். அவர்களின் முதற்சோதனை அரித்தெடுப்பது. மேக்னடைட்டின் ஒப்படர்த்தி 5.2, குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65. ஓடும் நீரில் வெண்மணல் போய்விடும், கனத்த தாது தங்கிவிடும். எந்த ஓடையின் மணல் நல்ல இரும்பு தரும் என்பது தலைமுறை தலைமுறையாய் உலை முன் நின்று பெற்ற அறிவு. சேலம் கஞ்சமலையின் காந்தத் தாது குவார்ட்ஸோடு அடுக்கடுக்காய் அமைந்தது. அங்கே தாதுவைப் பிரிப்பது எளிது.

மணலை மட்டுமே நம்பி வளர்ந்த உருக்குத்தொழிலுக்கு இந்தியாவில் மிகத் தெளிவான சான்று வடகிழக்கில் உள்ள காசி மலை. அங்கே சிதைந்த கிரானைட்டைக் கால்வாயில் கரைத்து, அடியில் தங்கும் காந்தமணலைச் சேர்த்தார்கள். 1832இல் இதை விவரித்த கிராக்ராஃப்ட் ஒரு நுட்பத்தைக் குறிப்பிடுகிறார்: ஈரமாக்கிய பெரணி இலைகளில் மணலை ஒட்டவைத்து உலையில் போட்டார்கள். இலை எரிந்து தீரும்போதுதான் மணல் உதிரும். அதற்குள் அது வெப்பம் மிகுந்த இடத்தை அடைந்திருக்கும். பொடிமணலை நேராகக் கொட்டினால் கரித்துண்டுகளின் இடுக்கு வழியே உருகாமலே கீழே இறங்கிவிடும். அதைத் தடுக்க ஓர் இலையைக் கருவியாக்கிய அந்த அறிவு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அங்கிருந்த உலைக்கரியின் காலக்கணிப்பு அத்தொழிலை ஏறத்தாழ 2000 ஆண்டு பின்னுக்குக் கொண்டுசெல்கிறது.

டைட்டானியம் எல்லா உலைக்கும் பகையன்று. நாட்டு உலையில் இரும்பு முழுதும் உருகுவதில்லை. கசடாகப் பிரியும் கிட்டத்தில் இரும்பு ஆக்சைடு நிறையத் தங்கிவிடுவதால் டைட்டானியம் அதிலேயே கரைந்துபோகும். ஜப்பானியத் தத்தாரா உலைகள் மணலை உருக்கியது இப்படித்தான். ஊதுலையில் நிலைமை தலைகீழ்: கசடு குழம்பாகித் தடித்து அடைத்துக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி நியூசிலாந்தின் கருமணலை உருக்க நடந்த முயற்சிகள் தொடர்ந்து தோற்றன. 1969இல் கிளென்புரூக் ஆலை வேறு முறையில்தான் அதில் வென்றது.

இனி மகாராஷ்டிரம். புனேயின் டெக்கான் கல்லூரியும் பங்கேற்று 1978-80இல் அகழ்ந்த நைகுண்ட் பெருங்கற்கால உலை, கி.மு. 7ஆம் நூற்றாண்டை ஒட்டியது. அது நாக்பூருக்கு வடக்கே, பசால்ட் முடிந்து பழைய பாறைகள் தொடங்கும் பகுதியில் உள்ளது. மகாபலேஸ்வரத்தின் தாவட் எனப்பட்ட உருக்குநர்கள் பசால்ட் மேல் விளைந்த செம்புறாங்கல்லையே தாதுவாக்கினார்கள். காட்டில் கரி சுடுவதற்குக் கட்டுப்பாடு வந்தபின் அத்தொழில் மடிந்தது. காலடியில் கருமணல் இருக்க, அவர்கள் செம்புறாங்கல்லைத் தேர்ந்தது அறியாமை அன்று. அரித்துப் பிரிக்கும் உழைப்பையும் கிடைக்கும் இரும்பையும் சீர்தூக்கிய முடிவாகவே நான் இதைக் கருதுகிறேன்.

இதைச் சோதிக்க வழி உண்டு. மணலை உருக்கியிருந்தால் கிட்டத்தில் டைட்டானியத்தின் அளவு துலக்கமாக உயர்ந்திருக்கும். சஹ்யாத்ரிச் சரிவுகளில் கிடக்கும் கிட்டக் குவியல்களின் மாதிரிகளை ஆற்றுமணலோடும் செம்புறாங்கல்லோடும் ஒப்பிட்டுப் பகுத்தாய்வது, சாலைப் பணிகளில் அவை சிதறிப்போகும் முன் செய்ய வேண்டிய வேலை.